பாடி ஒன்று, பிளாக் வேறு

புளியங்குடி எலுமிச்சை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் மூன்று மழைக்காலம் நின்றுபோன அம்பாசிடர் ஒன்றை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரும் வேலையில் நானும் கூடமாட இருந்தேன். ஆர்.சி. புத்தகம் 1974 மாடல் என்றது. முகத்தில் மார்க் 2 கிரில். ஸ்டார்ட் ஆகும், ஏற்றத்தில் இழுக்காது. ஸ்லோவில் குலுங்கும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் படபடவென்று வெடிக்கும். அதற்கு முன்பே மூன்று பட்டறை பார்த்தாயிற்று. மூன்றிலும் பாயின்ட் மாற்றி, பிளக் மாற்றி, டியூனப் என்று பில் போட்டிருந்தார்கள். நான்காவதாக வந்த மெக்கானிக் அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடவில்லை. டார்ச் அடித்துக் கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது மூணு வண்டிக்குப் பொறந்த பிள்ளல்லா தம்பி" என்றார்.

பிளாக் அம்பாசிடருடையதுதான். அதில் எஸ்.யு. கார்பரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில், நடுவில் ஓர் அலுமினியப் பட்டை வைத்து வேறேதோ வண்டியின் சோலெக்ஸ் உட்கார்ந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் இன்னொரு வண்டியிலிருந்து வந்தது. பிறகு ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் 40 என்று குத்தியிருந்தது. முந்தைய மூன்று பேரும் வேலை தெரியாதவர்கள் அல்ல. கிரில்லைப் பார்த்து, அந்தக் கிரில்லுக்கு உரிய எஞ்சினை டியூன் செய்திருந்தார்கள். அந்த எஞ்சின் அங்கே இல்லை.

பழைய கார்களைப் பற்றிப் படித்ததிலும் பட்டறைகளில் நின்று பார்த்ததிலும் எனக்குத் தெளிவானது இதுதான்: டியூனிங் பிழை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அடையாளப் பிழை. இங்கிலாந்தில் ஒருவர் 1955 மாடல் எம்.ஜி.ஏ. வைத்திருந்தால் புத்தகத்தைத் திறந்து அளவுகளை அப்படியே வைக்கலாம். நம் ஊர்க் கார்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தியாவில் கார் என்றால் மூன்று கம்பெனிதான். உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். முன்பதிவு செய்து வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியை யாரும் எளிதில் உடைக்கப் போடமாட்டார்கள். எஞ்சின் போனால் எஞ்சினை மாற்றுவார்கள், தரை இற்றுப்போனால் தகரம் வைத்து ஒட்டுவார்கள். டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு வேன் டீசல் எஞ்சினை ஏற்றியது ஊருக்கு ஊர் நடந்தது. லேத் பட்டறை இருக்கும் ஊரில் எந்த எஞ்சினுக்கும் எந்த கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு பிளேட் கடைந்து சேர்த்துவிடலாம். மதுரையிலிருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகக் கொல்லம் போகும் சாலையில் அந்தக் காலத்து டாக்ஸிகள் பல இப்படித்தான் ஆயுளை நீட்டிக்கொண்டன. பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்தக் கைத்திறனே இன்று அடையாளத்தைக் குழப்புகிறது.

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். 1957, 58 வாக்கில் தொடங்கி 2014 மே வரை ஓடிய ஒரே பெயர். அதற்குள் குறைந்தது ஐந்து எஞ்சின். முதலில் வந்தது 1476 சி.சி. சைடு வால்வு. அதற்கு ராக்கர் கவரே கிடையாது. ஹெட் தட்டையாக இருக்கும். அடுத்தது 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ். நாம் அம்பாசிடர் சத்தம் என்று மனதில் வைத்திருப்பது இதன் சத்தம்தான். 1980 வாக்கில் அதே 1489 சி.சி. அளவில் டீசல் வந்தது. 1992-ல் 1817 சி.சி. இசுசு பெட்ரோல், பின்னால் 2 லிட்டர் இசுசு டீசல். கிரில், டேஷ்போர்டு, பம்பர் எல்லாம் ஒரு நாள் வேலையில் மாற்றக்கூடியவை. ஆகவே மார்க் 2 முகத்தை வைத்து எஞ்சினைச் சொல்வது, சட்டையை வைத்து ஆளின் வயதைச் சொல்வது மாதிரி.

பி சீரிஸை இனம் காண எஞ்சின் நம்பர் பிளேட் கூட வேண்டாம். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் இரண்டுமே இடப்பக்கம் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் வலப்பக்கம். இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஆளுக்கொரு பக்கமாக, ராக்கர் கவர் இருக்கும் இடத்தில் கேம்ஷாஃப்டே தலைக்கு மேல் இருந்தால் அது இசுசு. இந்தப் பி சீரிஸின் முன்னோடி 1947-ல் ஆஸ்டின் ஏ40 டெவானில் 1200 சி.சி. எஞ்சினாகப் பிறந்தது. 1489 சி.சி.யாக வளர்ந்தபின் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஏறியது. ஜப்பானில் நிசான் லைசென்ஸ் வாங்கி ஆஸ்டின் கார் செய்த காலத்தில் அங்கேயும் போயிற்று. சீமைத் துரைமார் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் ஓட்டியதும், புளியங்குடியில் எலுமிச்சை மூட்டையை டிக்கியில் அமுக்கிக்கொண்டு போனதும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான். இன்றைக்கும் இதற்கு நடைமுறைப் பயன் உண்டு. இங்கே கிடைக்காத கேஸ்கெட்டையோ வால்வையோ எம்.ஜி. பெயரில் தேடினால் கிடைக்கக்கூடும். பொருந்துமா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரீமியர் செய்த ஃபியட்டின் வம்சாவளி இன்னும் பழையது. 1937-ல் இத்தாலியில் வந்த 1089 சி.சி. எஞ்சின், 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பிரீமியர் பத்மினி 2000 வாக்கில் நிற்கும்வரை அந்த இரண்டு எண்ணும் மாறவில்லை. இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட். காந்தம் வைத்தால் ஹெட்டில் ஒட்டாது. எஞ்சின் சூடாகக் கொதித்த வரலாறு இருந்தால் இந்த ஹெட் வளைந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் மாநிலத்துப் பிள்ளை. 1961 முதல் சென்னையில் வந்தது, 948 சி.சி. பானட் முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடி டேப்பட் பார்க்கலாம். இந்த வசதியைக் கொடுத்த வேறொரு காரை நான் பார்த்ததில்லை. அதே கம்பெனி 1985-ல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000-ஐ வைத்து ஒரு பாடமே நடத்தலாம். வெளியே இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 உடம்பு, உள்ளே, கம்பெனியின் வேன்களில் ஓடிக்கொண்டிருந்த, பழைய வான்கார்டு கார் காலத்து 1991 சி.சி. எஞ்சின். பட்டறைக்காரர்கள் மட்டுமல்ல, கம்பெனியே பாடி ஒன்று பிளாக் வேறு என்று விற்ற கதை அது. மக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், சில வருடங்களில் கதை முடிந்தது.

மாருதி 800 இப்போது பழைய கார் கணக்கில் வந்துவிட்டது. 1983 டிசம்பரில் முதல் வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். மூன்று சிலிண்டருக்கே உரிய ஸ்லோ குலுக்கலைக் கோளாறு என்று நினைத்து கார்பரேட்டரைக் குடைந்து கெடுத்தவர்கள் உண்டு.

கண்ணால் பார்த்து முடிந்தபின் எண். ஆர்.சி.யில் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் இருக்கும். இரண்டையும் வண்டியில் தேடிப் படித்து ஒப்பிட வேண்டும். ரிவெட் அடித்த பிளேட்டில் மட்டும் எண் இருந்தால் அந்த ரிவெட்டுகளையும் பாருங்கள். பிளேட் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போயிருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சின் மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். செய்யாதவர்கள் அதிகம். பதினைந்து வருடம் முடிந்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கப் போகும்போதுதான் வில்லங்கம் தெரியவரும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி இன்னொரு காரணத்தைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, பழைய உருவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். மாநில எழுத்துகளுக்குப் பின் வி.ஏ. என்று தனி எண் வரிசை, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருடம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ வைக்கக் கூடாது. எங்கள் 1974 வண்டிக்கு வயதுத் தகுதி வந்துவிட்டது. மூணு வண்டிக்குப் பிறந்த பிள்ளை என்பதால் பழைய உருவம் என்ற நிபந்தனையில்தான் சிக்கும்.

எண்ணும் பொய் சொல்லும் இடத்தில் வெர்னியர் உண்மை சொல்லும். ஹெட் இறங்கியிருக்கும் நேரத்தில் போரையும் ஸ்ட்ரோக்கையும் அளந்துவிட வேண்டும். 73 மில்லிமீட்டர் போரும் 88.9 ஸ்ட்ரோக்கும் என்றால் பி சீரிஸ் 1489. 84-க்கு 82 என்றால் இசுசு 1817. 63-க்கு 76 ஹெரால்டு. 83-க்கு 92 ஸ்டாண்டர்டு 2000. போர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது ரீபோர் ஆன எஞ்சின். ஸ்ட்ரோக் மாறாது, அதைத்தான் நம்ப வேண்டும். பிஸ்டன் தலையில் இருந்த 40 என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு. கணக்குப் போட்டால் 1489 சி.சி. எஞ்சின் 1531 ஆகியிருக்கிறது. பிளாக்கில் இன்னும் எவ்வளவு சதை மிச்சம், அடுத்த முறை லைனர்தானா என்பதையும் அந்தக் குத்து எண்ணே சொல்லிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கும் தனி ஜாதகம் உண்டு. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் பாக எண்ணும் செய்த வாரமும் வருடமும் குத்தியிருக்கும். 1961-ல் சென்னையின் பாடி பகுதியில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நம் கார்களுக்குப் பெரும்பாலும் இவற்றைக் கொடுத்தது. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே மாதிரி. பிளாக்கில் இறங்கவும் இறங்கும். உள்ளே எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்குகளும் வண்டிக்கு வண்டி வேறு. வேகம் ஏற ஏற டைமிங்கை எவ்வளவு முன்தள்ள வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. ஸ்லோவில் டைமிங் கச்சிதமாக இருந்து, 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சோர்ந்துபோனால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். இதை அட்ஜஸ்ட் செய்து சரிக்கட்ட முடியாது. சரியான ஸ்பிரிங் போட்டாக வேண்டும்.

இனி டியூனிங். இதில் வரிசைதான் பாதி வேலை. நம் பட்டறைகளில் எடுத்த எடுப்பில் கார்பரேட்டர் திருகில் கை வைக்கிற பழக்கம் உண்டு. கடைசியில் தொட வேண்டியது அது. முதலில் கம்ப்ரஷன். நான்கு சிலிண்டருக்கும் கேஜ் வைத்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனிங்கை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

அடுத்து டேப்பட். எட்டு வால்வு எஞ்சினுக்கு ஒன்பதுக் கணக்கு என்று ஒரு சுலப வழி இருக்கிறது. முன்னாலிருந்து எண்ணி, எந்த வால்வு முழுதும் திறந்து நிற்கிறதோ அதை ஒன்பதிலிருந்து கழித்தால் வருகிற வால்வை அட்ஜஸ்ட் செய்யலாம். 3 திறந்திருந்தால் 6. 8 திறந்திருந்தால் 1. இடைவெளி எவ்வளவு, சூட்டிலா குளிரிலா என்பதை அந்த எஞ்சினின் புத்தகத்தில் பார்க்க வேண்டும். அடையாளம் தெரியாமல் இது முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு நூலிழை கூடுதலாக வைப்பது நல்லது. கொஞ்சம் தட்டுகிற டேப்பட் காதைத்தான் உறுத்தும். இறுகிய டேப்பட் எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கிவிடும்.

பிறகு பாயின்ட். லூகாஸ் வகைக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.6 மில்லிமீட்டர் வாக்கில். ஃபீலர் கேஜ் இல்லாத பட்டறைகளில் பிளக் இடைவெளிக்கு ஹேக்ஸா பிளேடை நுழைத்துப் பார்ப்பார்கள். கேலி செய்ய வேண்டாம், ஹேக்ஸா பிளேடின் கனம் ஏறத்தாழ அதுவேதான். பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும். ஆகவே டைமிங் அதற்குப் பிறகுதான். ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு முனையைப் பாயின்ட் டெர்மினலிலும் மறுமுனையை எர்த்திலும் கொடுத்து, கிராங்க் புல்லியின் அடையாளத்தை நேர் நிறுத்தி, இக்னிஷனைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால் பாயின்ட் பிரியும் கணத்தில் பல்பு எரியும். பி சீரிஸில் ரோட்டார் சுற்றுவது இடஞ்சுழியாக. ஒயர் வரிசை 1-3-4-2. வலஞ்சுழியாக மாட்டினால் கார்பரேட்டர் வழியே தீ துப்பும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பார்க்காமல் ஜம்பர் ஒயர் கொடுத்துப் புகை கிளப்பியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர், ஒருவன் நான்.

எல்லாம் முடிந்தபின் கார்பரேட்டர். எஸ்.யு.வில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்கினால் போதும், அது பேசும். சுற்று ஏறி ஏறியே நின்றால் கலவை ரிச். உடனே தொய்ந்தால் லீன். கொஞ்சம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. சோலெக்ஸில் ஸ்லோ திருகை மெதுவாக முழுக்க உள்ளே கொண்டுபோய் ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, அங்கிருந்து தொடங்கலாம். எங்கள் வண்டியில் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி குலுங்கியது. அந்த அலுமினியப் பட்டையின் ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டதும் எஞ்சின் சட்டென்று நிதானித்தது. காற்றுக் கசிவு. சைலன்சர் வெடித்ததற்கும் அதுவே காரணம். மூன்று டியூனப் பில்லுக்கான பணம் ஒரு கேஸ்கெட் வழியாகப் போயிருக்கிறது.

ஊருக்கு ஏற்ற கவலைகளும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வரும்போது குற்றாலத்துக்குக் கூட்டம் வரும்; டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள் ஈரமும் வரும். கேப்பின் உள்பக்கம் பென்சில் கோடு போலக் கரிக்கோடு தெரிந்தால் கரண்ட் அந்த வழியே ஓடுகிறது. துடைத்தால் போகாது, கேப்பை மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் நேர்மாறு: பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும், பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருக்க வேண்டும். ஒரே கோளாறு போலத் தோன்றும் இரண்டுக்கும் மருந்து வேறு.

பெட்ரோல் மாறிவிட்டது என்பதைப் பழைய புத்தகங்கள் அறியா. 2000 பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. ஈயம்தான் பி சீரிஸின் இரும்பு ஹெட்டில் வால்வு சீட்டுக்கு மெத்தை போல இருந்தது. இப்போது டேப்பட் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டே வந்தால் சீட் உள்ளே அமுங்குகிறது என்று பொருள். லேத்தில் கெட்டியான சீட் வளையம் போடுவதே தீர்வு. அடுத்தது எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் பங்குகளுக்கு வந்துவிட்டது. சுத்தப் பெட்ரோலுக்கு அளந்த ஜெட்டில் இது போனால் கலவை 8 சதவீதம் வாக்கில் லீன் ஆகிறது. பழைய ரப்பர் டயஃப்ரமும் கார்க் வாஷரும் ஊறிப் பிய்கின்றன. ஈரத்தை இழுக்கும் குணம் வேறு. சாரல் காலத்தில் நிறுத்திவைத்த வண்டியின் டாங்க் உள்ளே துருப்பிடிக்கும். நன்மையும் இருக்கிறது: அந்தக் காலத்துத் தாழ்ந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகப் பின்தள்ளி வைத்த டைமிங்கை இப்போது கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாம்.

எவ்வளவு முன்னால்? இந்தக் கேள்வியில்தான் காது கட்சியும் கருவிக் கட்சியும் பிரிகின்றன. நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து எந்த பேரிங் என்று சொல்லிவிடும் அண்ணாச்சிகளை நான் வணங்குகிறேன். ஆனால் என் அனுபவத்தில் காது ஒப்பிடும், அளக்காது. முன்பைவிட நன்றாக இருக்கிறதா என்பதைக் காதுபோலச் சொல்ல எதுவுமில்லை. இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கிறதா என்று அதனிடம் கேட்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் விலை குறைந்த ஒரு பொருள் இருக்கிறது: வேக்கும் கேஜ். ஸ்லோவில் முள் 18 முதல் 21 அங்குலத்தில் அசையாமல் நின்றால் எஞ்சின் ஆரோக்கியம். ஒரே தாளத்தில் சுண்டிச் சுண்டி விழுந்தால் ஏதோ ஒரு வால்வு. தாழ்ந்து, ஆனால் அசையாமல் நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. மெதுவாக அலைந்தால் கலவை. எங்கள் பகுதி மலையடிவாரம் என்பதால் இந்த எண்கள் செல்லும். கொடைக்கானலில் பார்த்தால் ஏழு அங்குலம் குறைத்தே எதிர்பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனைக்கு ரோடுதான். சரியான கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டரின் அதே உடம்பில் சரியான ஸ்பிரிங், புது டயஃப்ரம், ஒரு சுற்றுப் பெரிய ஜெட் எல்லாம் போட்டு ஒரு காலையில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்துக்குக் கொண்டுபோனோம். டாப் கியரில் 40-ல் வைத்து அண்ணாச்சி ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கச் சொன்னார். சில்லறைக் காசு குலுங்குவது போல லேசாக ஒரு டிங், இரண்டு எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. "அதான் அளவு" என்றார். மேலே நிறுத்தி, சூட்டோடு துணி பிடித்து நான்கு பிளக்கையும் கழற்றினார். மூன்று பிஸ்கட் நிறம். நாலாவது கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைலியில் துடைத்து மறுபடி மாட்டினார்.

"ரிங்கு. சீசன் முடியட்டும், இறக்கிப் பாப்போம்."